தேவசகாயம் கேட்ட பரங்கிக்காய்

1955ஆம் ஆண்டு, தை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. கொழும்புக் கோட்டையிலிருந்து மலைநாட்டுக்குப் புறப்படும் காலைப் புகையிரதத்தில் சாமுவேலும் நானும் ஏறினோம். மூன்றாம் வகுப்பு. தலவாக்கலைக்கு ஏறக்குறைய நூற்றிருபது மைல்; கட்டணம் ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சாமுவேல் என்னோடு ஒரே அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். நான் அங்கே பிழை திருத்துபவன். அவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். நான் யாழ்ப்பாணத்தான். கொழும்புக்கு வந்து பல வருடமாகியும் கண்டிக்கு அப்பால் கால் வைத்ததில்லை.

"எங்க சபையில அறுப்பின் பண்டிகைங்க. ஒரு தடவ வந்து பாருங்களேன். நீங்க எழுதுறதுக்கும் ஒரு விஷயம் கெடைக்கும்" என்று ஒரு மாதமாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்திரிகைகளுக்கு நான் இடையிடையே எழுதுவது அவருக்குத் தெரியும்.

"எங்கட பொங்கல் மாதிரியோ?" என்று புகையிரதத்தில் கேட்டேன். நான் சைவன். கிறிஸ்தவக் கோயிலுக்குள் கல்யாணங்களுக்கு மட்டுமே போயிருக்கிறேன்.

"அப்படித்தான் வச்சுக்குங்களேன். அவங்கவங்க தோட்டத்துல வெளஞ்சதக் கொண்டாந்து கோயில்ல வைப்பாங்க. ஆராதனை முடிஞ்சதும் முத்தத்துல ஏலம் போடுவாங்க. காசு சபைக்கு."

ஏலம் என்ற சொல் எனக்குப் பிடித்தது. அதை வைத்தே கட்டுரையைத் தொடங்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரம்புக்கனையில் பின்னால் இன்னொரு இயந்திரம் பூட்டினார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. நாவலப்பிட்டி தாண்டியதும் குளிர் சன்னல் வழியாகக் கையில் தொட்டது. வட்டவளையில் வெளியே ஒன்றும் தெரியவில்லை, மூட்டம். அட்டனில் இறங்கி வடை வாங்கினோம். ஒன்று ஐந்து சதம். சுரங்கத்தைக் கடந்து கொட்டகலை வந்தபோது வெயில் எறித்தது. மலைகள் எல்லாம் சீவி வாரிவிட்டதுபோல் தேயிலை. தலவாக்கலையை நெருங்குகையில் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் ஓர் அருவி வெள்ளைத் துணி காயப்போட்டதுபோல் விழுந்துகொண்டிருந்தது.

மாலை மூன்றரை மணி, தலவாக்கலை. அக்கரப்பத்தனைப் பக்கம் போகும் பஸ்ஸில் இடம் பிடித்தோம். ஆளுக்கு நாற்பது சதம். எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் மடியில் கால் கட்டிய சேவல் ஒன்று இருந்தது. டிக்கட் கொடுப்பவர் அதைப் பார்த்து, "என்ன அக்கா, சேவலுக்கும் சீட்டா?" என்றார்.

"இது கர்த்தருக்குப் போவுது. டிக்கட்டு வேணுமின்னா அவருகிட்டக் கேட்டுக்க."

பஸ் முழுவதும் சிரித்தது. திம்புள்ளப் பக்கத்து மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறி, ஒரு பேக்கரி, நான்கைந்து கடைகள், ஒரு தபாற்கந்தோர் உள்ள சிறு கடைவீதியில் எங்களை இறக்கிவிட்டது. அந்த ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். காரணம் பின்னால் விளங்கும்.

கடைவீதிக்கு மேலே அரை மைலில் சாமுவேலின் அக்கா ராகேலின் லயம். ஓர் அறை, ஒரு விறாந்தை. எனக்காக அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு அவர்கள் குடும்பமே பக்கத்து வீட்டில் படுக்கப்போவதாகப் பிறகுதான் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதெல்லாம் பேசாதீங்கண்ணே. மொதல்ல இந்தத் தேத்தண்ணியக் குடிங்க. ஒங்க பல்லு ஆடுற சத்தம் எனக்குக் கேக்குது" என்றார் ராகேல்.

லயங்களின் பின்புறச் சரிவெல்லாம் மரக்கறிப் பாத்திகள். கோவா, லீக்ஸ், பீட்ரூட், போஞ்சி. தோட்டத்து வேலை முடிந்து வந்து, இருட்டுவதற்குள் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் செய்த வேளாண்மை. தோட்டத்துத் துரை விட்டுக்கொடுத்த நிலம். எந்த நாளும் திருப்பி எடுக்கலாம். அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு புல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. புல்லில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. கோயில் சிறியது, தகரக் கூரை இரண்டு இடத்தில் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. வாசலில் கரும்பும் வாழையும் கட்டியிருந்தார்கள். உள்ளே பீடத்தைச் சுற்றி எல்லா விளைச்சலும் குவிந்திருந்தது. அதன் நடுவில் ஒரு கூடை பச்சைத் தேயிலைக் கொழுந்து. பேக்கரிக்காரச் சிங்கள முதலாளி ஒரு தட்டு நிறையப் பாண் அனுப்பியிருந்தார். மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டிலிருந்து இரண்டு தேங்காய். முஸ்லிம் கடைக்கார நானா ஒரு கொத்து அளவு பருப்பு. பாட்டுக்கு நடுவில் சேவல் கூவியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தரை மணிக்கு எல்லாம் முற்றத்துக்கு வந்தன. ஒரு மேசை. அதன் பின்னால் உபதேசியார். சபையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர். மெலிந்த மனிதர், பெரிய குரல். "ஒரு தரம்" என்று அவர் தொடங்கினால் கடைவீதிவரை கேட்கும். சுற்றிலும் இருநூறு பேர் இருக்கலாம். கம்பளி போர்த்த ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறு பக்கம். சிங்களவர், முஸ்லிம்கள், சைவர்கள் எல்லோரும் வேலியோரம் நின்றார்கள். ஒவ்வொரு பெண்ணின் கையிலும் மடித்த பை.

ஏலம் விரைவாகவே நடந்தது. ஒரு கட்டு லீக்ஸை ஒருவர் இருபது சதத்துக்குக் கேட்பார், இன்னொருவர் இருபத்தைந்து என்பார், அதோடு முடியும். கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. ஓட்டைக் கூரையை நிமிர்ந்து பார்த்தேன். என் சட்டைப்பையில் வழிச்செலவு போக இருபது ரூபாய் இருந்தது. அடுத்து வந்த பீட்ரூட் கட்டுக்கு "ஒரு ரூபாய்" என்றேன். சனம் திரும்பிப் பார்த்தது. உபதேசியார், "கொழும்பு ஐயா ஒரு ரூவா!" என்று முழங்கினார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் என்னைக் கிளப்பிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். அடுத்து முட்டைக் கூடையையும் வாங்கினேன். அதற்கும் கைதட்டல்.

சாமுவேல் சமையல் பந்தலுக்கு வாழையிலை கொண்டுபோயிருந்தார். பக்கத்தில் இருந்திருந்தால் என் கையைப் பிடித்திருப்பார்.

பிறகு ஒரு பூசணிக்காய் மேசைக்கு வந்தது. அவர்கள் பரங்கிக்காய் என்கிறார்கள். ஒருவர் தனியாகத் தூக்கத் திணறும் காய். நல்ல செம்மஞ்சள், வரிவரியாக. "மாசிலாமணி வீட்டுப் பரங்கிக்காயி" என்றார் உபதேசியார். வழக்கமான முழக்கம் இல்லாமல், மெதுவாகவே சொன்னார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் ஓரடி முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பழைய கோட்டு, தலைப்பாகை. "ஒரு ரூவா" என்றார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. இவ்வளவு பெரிய காய்க்கு ஒரு ரூபாயா என்று நான் "ஒன்றரை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ரெண்டு."

"இரண்டரை."

"மூணு."

எனக்கு உற்சாகம் ஏறியது. இதுதான் ஏலம், இதைத்தான் எழுதப்போகிறேன் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே நான்கு என்றேன். அவர் நாலரை என்றார். குரல் இறங்கிவிட்டது. நான் நாலே முக்கால் என்றேன். அவர் கோட்டுப் பைக்குள் கையைவிட்டு எதையோ தடவிப் பார்த்துவிட்டு, "அஞ்சு" என்றார். முன்வரிசையில் நின்ற எனக்கே அது அரைகுறையாகத்தான் கேட்டது.

"ஆறு" என்றேன்.

உபதேசியார் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, ஆறுங்களா?" என்று கேட்டார். பின்வாங்க எனக்கு ஒரு வழி திறந்து விடுகிறார் என்பது அப்போது விளங்கவில்லை.

"ஆறுதான்!"

கோட்டுக்காரர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு மெல்லப் பின்வாங்கி, கோயில் சுவரோடு போய் நின்றார். உபதேசியார் மூன்று தரம் சொன்னார். யாரும் கைதட்டவில்லை.

மதியம் ஒரு மணிக்குப் பந்தி. எனக்கு முதல் இலை போட்டார்கள். சோறு, பருப்பு, அந்தப் பாண், கோழி சாப்பிடுபவர்களுக்குக் கோழி. சிரித்த முகத்தோடுதான் பரிமாறினார்கள். ஆனால் ஏலம் நடந்தபோது என்னோடு பேச்சுக் கொடுத்தவர்கள் இப்போது என் இலையை மட்டும் பார்த்தார்கள். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனேன். ராகேல் குழாயடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்தார். சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார்.

"ஒங்களுக்கு யாரும் சொல்லல. அது எங்க தப்புதான். ஏலமின்னா எங்களுக்குக் காசு சேக்குறது மட்டும் இல்லீங்கண்ணே. எங்க வீட்டுல வெளஞ்சது இன்னொரு வீட்டு அடுப்புல வேகணும். அவங்க வீட்டுது எங்க அடுப்புக்கு வரணும். யாரு யாருட்டத எடுப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரு முன்னால வந்து கேட்டுட்டா மத்தவங்க பேருக்கு ஒரு வெல ஏத்திட்டு விட்டுருவோம்."

"அந்தக் கோட்டுப் போட்டவர்?"

"தேவசகாயம் அண்ணன். மாசிலாமணிக்குக் கூடப் பொறந்த அண்ணன்." குரலைத் தாழ்த்தினார். "அண்ணன் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டாரு, இங்கதான் இருப்போமின்னு. தம்பி கையெழுத்து வைக்க மாட்டேன், இந்தியாவுக்குத்தான் போவேன்னுட்டாரு. லயத்து வாசல்ல பெரிய சண்டை. நாலு வருஷமாப் பேச்சு வார்த்தை கெடையாது. ஒருத்தரு வாசல ஒருத்தரு மிதிக்கிறதில்ல. இந்தப் பண்டிகையில மட்டும் தம்பி வைக்கிற பரங்கிக்காய அண்ணன் எடுப்பாரு, அண்ணன் வைக்கிற கெழங்கத் தம்பி எடுப்பாரு. பேச மாட்டாங்க. ஆனா எடுப்பாங்க."

ராகேல் அடுத்த சட்டியை எடுத்தார்.

"தம்பிக்குப் பாஸ்போட்டு வந்திருச்சுங்க. பங்குனியில போறாங்க. இதுதான் கடைசிப் பரங்கிக்காயி."

விலையை ஏற்றும்போது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இருநூறு பேர் முன்னால் என் முகத்தில் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்க, குளிரிலும் காது சுட்டது.

மாலை நான்கு மணி. சாமுவேலும் நானும் அந்தக் காயைச் சாக்கில் போட்டு ஆளுக்கொரு முனை பிடித்து மேல் லயத்துக்கு ஏறினோம். செங்குத்தான படிகள். வழியில் அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. "நான் அந்த நேரம் போயிருக்கக் கூடாது" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். கடிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தேவசகாயம் விறாந்தையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"ஐயா, நான் தெரியாமல் செய்துபோட்டன். இதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கோ. உங்களுக்குத்தான் இது வரவேண்டியது" என்றேன்.

"நீங்க தப்பு எதும் பண்ணலீங்க. ஏலமின்னா ஏலந்தான். கோயிலுக்கு ஒரு ரூவா கூடக் கெடச்சுதில்ல?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை.

"தயவுசெய்து எடுங்கோ. நீங்கள் ஒரு சதமும் தரவேண்டாம்."

அவர் சாக்கைப் பார்த்தார். குனிந்து அதன் வாயை விலக்கி, காயின் மேல் உள்ளங்கையை ஒரு தடவை வைத்து எடுத்தார்.

"வேணாங்க ஐயா. நீங்க தூக்கியாந்து குடுத்தா, இது நீங்க குடுத்த பரங்கிக்காயி. அவன் வீட்டுலேருந்து நான் எடுத்ததா ஆவாதுங்களே."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். சர்க்கரை அதிகம், விருந்தாளிக்கென்று போட்டது.

இறங்கி வரும்போது, "தம்பியிட்டப் போவம்" என்றேன். சாமுவேலுக்கு விருப்பமில்லை. நான்தான் பிடிவாதமாகப் போனேன். மாசிலாமணி கீழ் லயத்துக்குப் பின்னால், பாத்தியில் காய்ந்த கொடிகளை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். அண்ணனின் அதே நெற்றி. நான் சொல்லத் தொடங்கியதைக் கேட்டுவிட்டுக் கையால் மறித்தார்.

"விலைக்குப் போன பொருளு, திரும்பி என் வீட்டுக்கு வரக்கூடாதுங்க. நீங்களே கொண்டுபோயிச் சமைச்சுச் சாப்பிடுங்க. நல்ல காயிதான்."

திரும்பி நடந்தோம். பத்தடி போயிருப்போம்.

"ஐயா" என்று கூப்பிட்டார். நின்றோம். அவர் எங்களைப் பார்க்காமல் கொடியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "எங்கண்ணன் எது வரைக்கும் கேட்டாரு? நான் கோயிலுக்குப் பின்னால நின்னேன். நாலரை வரைக்கும் காதுல விழுந்துச்சு. அதுக்கு மேல கேக்கல."

"ஐந்து ரூபாய்" என்றேன்.

அவர் கை நின்றது. ஐந்து ரூபாய் அங்கே இரண்டு நாள் கூலி.

"அஞ்சா?"

"ஐந்துதான். பையைத் தடவிப் பார்த்திட்டுக் கேட்டவர்."

மாசிலாமணி பாத்தி வரம்பில் உட்கார்ந்துவிட்டார். சாமுவேல் என் தோளைத் தொட்டு, வாங்க போவோம் என்று தலையசைத்தார். வளைவில் திரும்பும்போது பார்த்தேன். அவர் இன்னும் அங்கேயே, சுருட்டிய கொடியை மடியில் வைத்துக்கொண்டு மேல் லயத்தைப் பார்த்தபடி இருந்தார். எழுந்து போவார் என்று எதிர்பார்த்தேன். மூட்டம் இறங்கி இரண்டு லயத்தையும் மூடும்வரை ராகேலின் விறாந்தையில் நின்று பார்த்தேன். போகவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. பஸ்ஸுக்கு இறங்கும் வழியில் பெரட்டுக்களம், அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம். கங்காணி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தின் ஒரு முனையில் அண்ணன், மறுமுனையில் தம்பி. தேவசகாயம் என்னைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டார். சாக்கு மூட்டை தோளில் இருந்ததால் என்னால் திருப்பிக் கும்பிட முடியவில்லை. ராகேல் பஸ்வரை வந்து, பீட்ரூட்டையும் முட்டையையும் வைக்கோல் போட்டுக் கட்டித் தந்தார். "அடுத்த வருஷமும் வாங்கண்ணே" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பங்குனியில் சாமுவேல் இரண்டு நாள் விடுப்பெடுத்துப் போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தார். இந்தியாவுக்குக் கப்பலேறப் போகும் தலைமன்னார் வண்டியைப் பிடிக்க, மாசிலாமணி குடும்பம் தலவாக்கலையில் ஏறியது.

"அண்ணன் வந்தவரோ?" என்று கேட்டேன்.

"வந்தாரு. தகரப் பொட்டிய லயத்துலேருந்து ஸ்டேசன் வரைக்கும் தலையில வச்சு அவருதான் தூக்கிட்டு வந்தாரு."

"கதைச்சவையோ?"

சாமுவேல் கையிலிருந்த எழுத்தை எழுத்துப் பெட்டியில் போட்டார். "இல்லீங்க. வண்டி நகந்ததுக்கப்புறம் தம்பி சன்னல்ல தலைய நீட்டி என்னமோ கத்துனாரு. சத்தத்துல யாருக்கும் கேக்கல."

அந்தப் பரங்கிக்காயை அண்ணன் எடுத்திருந்தால் பேசியிருப்பார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சாமுவேல், என் மனம் நோகக்கூடாதென்று, இல்லை என்று சொல்லியிருப்பார்.

கொழும்புக்குத் திரும்பிய திங்கட்கிழமை மாலையைச் சொல்லி முடிக்கிறேன். ஏழு மணிக்கு வெள்ளவத்தை வீட்டு வாசலில் சாக்கை இறக்கினேன். என் மனைவி காயைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "இவ்வளவு பெரிசை நாங்கள் ரெண்டு பேரும் என்னெண்டு தின்னுறது? பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் குடுங்கோ" என்று சொல்லி, கத்தியை எடுத்துப் பிளந்தாள். உள்ளே தங்கநிறம். கறி வைக்கும் முன்பே ஒரு மணம்.

"பக்கத்து வீட்டில இருக்கிறவை ஆர்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே காலையில அந்த மனிசனோட ஒரே பஸ்ஸில போறனீங்கள்."

ஐந்து வருடமாக எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்த மனிதர் இருமுவது எனக்குத் தெரியும். பெயர் தெரியாது. பாதிப் பூசணியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போய், முழங்கையால் கதவைத் தட்டினேன். அவர் கதவை ஒரு சாண் திறந்தார். முதலில் காயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், மறுபடி காயைப் பார்த்தார்.

"என்ன விலை?" என்று கேட்டார்.